அழிக்கப்பட்ட அறச்செயலின் பலன்

மனிதன் செய்யும் நற்செயல்களுள் சில, செய்து முடித்த அக்கணமே தம் பலனைக் கையில் கொடுத்துவிடுகின்றன. சில, செய்தவன் மறைந்து பல தலைமுறைகள் சென்றபின் பலன் தருகின்றன. இவ்விரு வகையைப் பற்றியும் நம் மனத்திற்கு அதிகக் கலக்கம் ஏற்படுவதில்லை. ஆனால் மூன்றாவது வகை ஒன்று உண்டு. சிரத்தையோடு தொடங்கப்பெற்று, நன்கு வேரூன்றி, பலருக்குப் பயன் தரவும் தலைப்பட்ட பின்னர், செய்தவன் உயிரோடிருக்கும்போதே, அவன் கண்ணெதிரிலேயே, பகைவரால் பிடுங்கி எறியப்படுகிற நற்செயல் அது. அத்தகைய செயலின் பலன் எங்கே போயிற்று? அது செய்யப்படாமலே இருந்திருந்தால் உலகத்திற்கு என்ன குறை நேர்ந்திருக்கும்? தெய்வ நம்பிக்கை உடையவனையும் இல்லாதவனையும் ஒருங்கே வருத்தும் இந்தக் கேள்வி, யோகியினுடைய தனிமையில் எழுவதைக் காட்டிலும் சட்டம் செய்கிறவனுடைய வாழ்வில்தான் மிகக் கூர்மையாக எழுகிறது. யோகியின் சாதனையைப் பிறர் பறிக்க முடியாது. சட்டம் செய்தவனின் சாதனையையோ மற்றொரு சபை ஒரே நாளில் ரத்து செய்துவிடலாம்.

இந்தக் கேள்வியை வெறும் தத்துவ விசாரமாக அந்தரத்தில் நிறுத்தாமல், ஒரு மனிதருடைய சரித்திரத்தில் வைத்து ஆராய்வதே நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன். அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்தில் அடிமையாகப் பிறந்து, உள்நாட்டு யுத்தத்தில் கப்பல் தலைவராகப் போராடி, பின்னர் அம்மாகாணச் சட்டசபையிலும் நாட்டின் காங்கிரஸிலும் அங்கத்தினராக அமர்ந்த ராபர்ட் ஸ்மால்ஸ் என்பவரே அவர்.

பியூஃபர்ட் என்னும் சிறிய துறைமுக நகரத்தில், எஜமானருடைய மாளிகையின் பின்கட்டுக் குடிசையில், 1839ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி அவர் பிறந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 1834இல், அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என்று அம்மாகாணம் சட்டம் இயற்றியிருந்தது. ஆகவே அக்குழந்தை அரிச்சுவடியைக் கற்பதும், அதற்கு யாரேனும் அதனைக் கற்பிப்பதும், அது பிறப்பதற்கு முன்பே தடுக்கப்பட்டிருந்தன. தாயார் லிடியா எஜமானரின் வீட்டிலேயே வேலை செய்தவர். எஜமானரின் பிரியத்தில் வளரும் தன் பிள்ளை, தான் இன்னார் என்பதை மறந்துவிடக் கூடாதே என்று அஞ்சி, அடிமைகள் விற்கப்படுவதையும் கசையடி பெறுவதையும் அவனைக் கூட்டிச்சென்று காணச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டன் நகரத்திற்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்ட அவர், தெருவிளக்கு ஏற்றியும், உணவு பரிமாறியும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் சம்பாதித்த பணத்தில் வாரத்திற்கு ஒரு டாலர் மட்டுமே தமக்கென வைத்துக்கொள்ள முடிந்தது. 1856இல் ஹன்னா என்ற பெண்ணை மணந்து ஒரு மகளும் பிறந்தபின், மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்கி விடுவிக்க 800 டாலர் வேண்டியிருந்தது; அவர் சேர்த்து வைத்திருந்ததோ 100 டாலர்.

வடநாட்டிற்கும் தென்னாட்டிற்கும் இடையே உள்நாட்டு யுத்தம் மூண்டது. பருத்தி ஏற்றிச் செல்லும் நீராவிப் படகாக இருந்த 'பிளாண்டர்' என்ற கப்பலைத் தென்னாட்டுப் படையினர் ஆயுதக் கப்பலாக்கினர். அதில் சுக்கான் பிடிக்கும் வேலை ஸ்மால்ஸுக்குக் கிடைத்தது. கரையோர நீரோட்டங்களையும், மணல் திட்டுக்களையும், ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் ஊதவேண்டிய அடையாள ஒலிகளையும் அவர் மனத்திலே எழுதிக்கொண்டார். 1862 மே 13ஆம் தேதி, வெள்ளை அதிகாரிகள் மூவரும் இரவைக் கழிக்கக் கரைக்குச் சென்றிருந்த சமயத்தில், விடியலுக்கு மூன்று நாழிகைக்கு மேல் இருக்கும்போதே, அவரும் தோழர்களும் கொதிகலனை மூட்டிக் கப்பலைக் கிளப்பி, வேறொரு துறையில் மறைந்து காத்திருந்த பெண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, தலைவரின் வைக்கோல் தொப்பியை ஸ்மால்ஸ் அணிந்து அவரைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நிற்க, துறைமுகத்துக் காவல் அரண்களை ஒவ்வொன்றாகக் கடந்து சென்றனர். பிடிபடும் நிலை வந்தால் கப்பலை மூழ்கடித்து எல்லோரும் கடலில் மாய்வதென்று முன்பே உறுதி செய்துகொண்டிருந்தனர். சம்ட்டர் கோட்டையின் அருகில் வந்ததும் அவர் முறைப்படி ஒலி எழுப்பினார், கோட்டையார் போகவிட்டனர். பீரங்கிகளுக்கு எட்டாத தூரம் சென்றபின் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினர். முற்றுகைக் கப்பலான 'ஆன்வர்ட்' சுடுவதற்கு ஆயத்தமாகி நின்ற நேரத்தில் அந்த வெண்மை கண்ணிற்பட்டது. கதிரவன் உதித்தபோது பதினாறு உயிர்கள் சுதந்திரமாக இருந்தன. நான்கு பீரங்கிகளும், பகைவரின் சங்கேதக் குறிப்புப் புத்தகமும், ஸ்டோனோ ஆற்றங்கரைக் காவலைப் பகைவர் கைவிட்டுவிட்டனர் என்ற செய்தியும் வடநாட்டுக் கடற்படைக்குக் கிடைத்தன.

அதன்பின் அவர் யுத்தம் முடியும் வரையில் சேவையில் இருந்தார். 1862 ஆகஸ்டில் மான்ஸ்ஃபீல்டு ஃபிரெஞ்ச் என்ற பாதிரியாருடன் வாஷிங்டனுக்குச் சென்று, கடல்தீவுப் பிரதேசத்தில் 5,000 கறுப்பர்களைச் சிப்பாய்களாகச் சேர்த்துக்கொள்ள யுத்த மந்திரி ஸ்டாண்டன் அளித்த ஆணையோடு திரும்பினார். 1863 ஏப்ரல் 7ஆம் தேதி சார்ல்ஸ்டனைத் தாக்கிய 'கியோகக்' என்னும் இரும்புக் கவசக் கப்பலுக்கு அவரே வழிகாட்டி. தொண்ணூறு குண்டுகளுக்கு மேல் தாங்கிய அக்கப்பல் மறுநாள் காலை மூழ்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பிளாண்டர் கடுமையான தாக்குதலுக்கு உட்பட்டு, அதன் தலைவர் நிலக்கரி அறைக்குள் ஒளிந்துகொண்டபோது, ஸ்மால்ஸ் தாமே தலைமை ஏற்றுக் கப்பலைக் காப்பாற்றினார். அதன்பின் அவரையே அதன் தலைவராக்கினர்.

இவ்வளவோடு அவர் சரித்திரம் முடிந்திருந்தால், அது குழந்தைகளுக்குச் சொல்லத்தக்க வீரக்கதையாக நின்றிருக்கும். நமக்கு எந்தத் தத்துவச் சிக்கலையும் எழுப்பியிராது. வீரச்செயலுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. அச்செயல் ஓர் இரவில் தொடங்கி ஒரு காலையில் முடிகிறது; வென்றோமா தோற்றோமா என்பது கதிரவன் உதிக்கும்போது தெரிந்துவிடுகிறது; வென்றதை எவரும் பின்னால் நடவாததாக ஆக்க முடியாது. அன்று கரை சேர்ந்த பதினாறு பேருடைய அந்தக் காலைப்பொழுதைப் பிற்காலத்தில் எந்தச் சட்டமும் ரத்து செய்ய இயலவில்லை.

ஆனால் அவருடைய ஜனங்கள் தங்கள் ஆலயங்களில் ஓயாமல் கேட்டுவந்த வேதக் கதை வேறொன்றைச் சொல்லிற்று. யாத்திராகமத்தில் மோசே தம் மக்களைச் செங்கடல் தாண்டி அழைத்துச் செல்வது ஓர் இரவில் நடந்து முடிகிறது. அவர்களுக்குச் சட்டம் கொடுத்து அதன்படி வாழப் பழக்குவதற்கோ நாற்பது ஆண்டுகள் பாலைவனத்தில் அலைய வேண்டியிருக்கிறது. அதற்குள் கடல் தாண்டிய தலைமுறை ஏறக்குறைய முழுவதும் மாண்டுபோகிறது. மோசேயும் வாக்களிக்கப்பட்ட பூமியை மலையின்மேல் நின்று பார்த்துவிட்டு, அதில் கால் வைக்காமலே இறக்கிறார். நம் மகாபாரதமும் இதற்கு நெருங்கிய ஓர் உண்மையையே வேறு விதமாகச் சொல்கிறது. குருக்ஷேத்திரம் பதினெட்டு நாட்களில் முடிகிறது. வென்ற தருமனோ மகிழ்ச்சியின்றி நிற்கிறான். அரச தர்மம் இன்னதென்று அவன் அறிந்துகொள்வதற்கு அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த உபதேசத்திற்கு வியாசர் ஒதுக்கியிருக்கும் இடம் எந்த ஒரு நாட் போருக்கும் ஒதுக்கியதைக் காட்டிலும் பெரியது. கடல் தாண்டுவதற்குப் பின்னால் சட்டம், போருக்குப் பின்னால் சாந்தி பர்வம் என்று, ஒன்றையொன்று அறியாத இரண்டு சமுதாயங்களின் வேதங்கள் ஒரே வரிசையை வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது. விடுதலையைப் பெறுவது ஒரு தர்மம். அதற்கு உருவம் கொடுப்பது மற்றொரு தர்மம். இரண்டாவதற்கு வேண்டிய தைரியம் முதலாவதற்கு வேண்டியதைவிட அருமையானது. அது ஒவ்வொரு நாளும் புதிதாகத் தேவைப்படுவது.

1868 ஜனவரியில், சார்ல்ஸ்டன் நகரத்தில், அம்மாகாணத்திற்குப் புதிய அரசியலமைப்பு வகுக்க ஒரு சபை கூடியது. அங்கத்தினர் 124 பேர். அவர்களுள் 76 பேர் கறுப்பர். யுத்தத்திற்கு முந்திய 1860ஆம் ஆண்டுக் கணக்கின்படி அம்மாகாணத்தில் 4,02,406 அடிமைகள் இருந்தனர். அதாவது ஜனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறர் உடைமையாக இருந்தனர். அவர்களிலிருந்தும் அவர்களுக்காகவும் வந்தவர்கள், தங்களை விற்றுவந்த அதே நகரத்தில் சட்டம் எழுத அமர்ந்தனர். ஸ்மால்ஸ் தமது இருபதாம் வயதுகளின் நடுப்பகுதியில்தான் படிக்கக் கற்றவர். 1864இல் பிலடெல்பியாவில் கப்பல் பழுதுபார்க்கப்பட்ட மாதங்களை அவர் எழுத்தறிவுக்கே செலவிட்டார். அந்நகரத்தில்தான், ஒரு டிராம் வண்டியில் அமர்ந்திருந்த அவர், நிறத்தின் காரணமாக உள்ளே இடமில்லை என்று சொல்லப்பட்டு இறங்கி நடந்தார். அந்த அவமானத்தைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சியின் முடிவில், 1867இல் பென்சில்வேனியா மாகாணமே அத்தகைய பாகுபாட்டைச் சட்டத்தால் விலக்கிற்று. இளமையில் கல்வி மறுக்கப்பட்ட இவர் சார்ல்ஸ்டன் சபையில் கொண்டுவந்த முக்கியமான தீர்மானம் யாதெனில், எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமான, கட்டாயமான பொதுப் பள்ளிகளை மாகாணம் ஏற்படுத்த வேண்டும் என்பதே. அப்படியே புதிய அரசியலமைப்பில் பொதுக்கல்வி அமைந்தது. அரசாங்கச் செலவில் நடக்கும் பள்ளிகள் நிறவேறுபாடின்றி எல்லோருக்கும் திறந்திருக்கும் என்றும், ஆறு வயது முதல் பதினாறு வயது வரையில் உள்ள பிள்ளைகள் குறைந்தது இருபத்துநான்கு மாதங்களேனும் கல்வி பெற வேண்டும் என்றும் அதில் விதி செய்யப்பட்டது. அதற்கு முன்பு அம்மாகாணத்தில் எல்லோருக்குமான பள்ளி முறை என்ற ஒன்று வெள்ளையருக்கும் இருந்ததில்லை. செல்வர் தம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வைத்துக்கொண்டனர். ஏழை வெள்ளையனுடைய குழந்தை வயலிலே வளர்ந்தது.

இச்செயலின் உள்ளே இருக்கும் தர்மத்தை ஆழ்ந்து நோக்க வேண்டும். நேற்று வரையில் தனக்கு எழுத்தை மறுத்த இனத்தாரின் ஏழைக் குழந்தைக்கும், தன் குழந்தைக்கும், ஒரே பள்ளியின் கதவை ஒரே விதியால் திறந்து வைத்தவன், பகைமையை வெல்லும் ஒரே முறையைக் கண்டுகொண்டவன் ஆவான். மன்னிப்பு என்பது ஒருவருடைய உள்ளத்தில் நிகழ்வது. உள்ளம் மாறும்போது அதுவும் மாறிவிடும். ஆனால் மன்னிப்பைச் சட்டமாக எழுதி வைத்தவன், தன் கோபத்தினின்றும் தன் பகைவனுடைய சந்ததியைக் காப்பாற்றிவிடுகிறான். போரில் வென்றவன் செய்யக்கூடிய தவங்களுள் இதைவிட உயர்ந்தது ஒன்றை நான் அறியேன்.

அதே 1868ஆம் ஆண்டில் மாகாணப் பிரதிநிதிகள் சபைக்கும், 1870இல் மாகாண செனட்டுக்கும், 1874இல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸுக்கும் பியூஃபர்ட் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் அடிமையாக ஊழியம் செய்த மாளிகை, வரி கட்டப்படாமல் யுத்த காலத்தில் ஏலத்திற்கு வந்தபோது, அதை அவரே வாங்கியிருந்தார். அதன் முந்தைய உடைமையாளர் தொடுத்த வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் வரையில் சென்று 1878இல் ஸ்மால்ஸுக்கே சாதகமாயிற்று. அவர் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு செய்தி உண்டு. பழைய எஜமானரின் மனைவி முதுமையில் நினைவு தடுமாறி, அது இன்னும் தம் வீடே என்று எண்ணிக்கொண்டு ஒருநாள் உள்ளே வந்துவிட்டார். ஸ்மால்ஸ் அவரை விரட்டவுமில்லை, உண்மையைச் சொல்லி நோகச் செய்யவுமில்லை. அவருடைய பழைய அறையிலேயே தங்கவிட்டுப் பராமரித்தார். பள்ளிச் சட்டத்தில் பொதுவாக எழுதியதை அம்மனிதர் தம் வீட்டில் தனியாகவும் எழுதினார் என்றே இச்செய்தியை நான் கொள்கிறேன்.

ஆனால் அழிவு தொடங்கிவிட்டது. 1876ஆம் ஆண்டு அம்மாகாணத்தின் சரித்திரத்தில் இரத்தத்தால் எழுதப்பட்டது. ஜூலை மாதம் ஹாம்பர்க் என்ற ஊரில், கறுப்பர் சேனையைச் சார்ந்த சிலரை ஆயுதம் பறித்தபின் பிடித்து வைத்துச் சுட்டுக் கொன்றனர். ஸ்மால்ஸ் அதைக் காங்கிரஸில் எடுத்துரைத்து நியாயம் கேட்டார். அதே கோடையில் கம்பாஹி நதிக்கரை நெல்வயல்களில் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தவர்களையும், அவர்களை எதிர்த்து ஆயுதத்தோடு கூடிய வெள்ளையரையும் மோதவிடாமல், உதிரம் சிந்தாமல் பிரித்து அனுப்ப முயன்றவர்களில் அவர் முன்நின்றார். துப்பாக்கியின் உபயோகத்தை நன்கறிந்த அவர், அதை எப்போது எடுக்கக்கூடாது என்பதையும் அறிந்திருந்தார். எனினும் வெள்ளையரின் செஞ்சட்டைக் கூட்டத்தாருடைய மிரட்டலிலும் மோசடியிலும் மாகாண ஆட்சி கைமாறிற்று. 1877இல் மத்திய அரசாங்கத்தின் படைகளும் விலகிக்கொண்டன.

அவ்வாண்டிலேயே ஸ்மால்ஸ்மீது வழக்கு வந்தது. மாகாண செனட்டில் இருந்தபோது அச்சு ஒப்பந்தம் ஒன்றின் சம்பந்தமாக 5,000 டாலர் கையூட்டுப் பெற்றார் என்று குற்றம் சாட்டி, மூன்று ஆண்டு சிறைத்தண்டனையும் விதித்தனர். முக்கிய சாட்சி தாமே மோசடியில் சிக்கியிருந்த ஒருவர். வழக்கை நடத்தியவர்கள் அவருடைய அரசியல் பகைவர்கள். 1879இல் மாகாணக் கவர்னரே அவருக்கு மன்னிப்பு வழங்கினார். இவற்றையெல்லாம் நினைத்தால் அது பாரபட்சமற்ற விசாரணை என்று சொல்ல நாக்கு எழாது. ஆனால் அக்காலத்து அம்மாகாணச் சட்டசபையில் ஊழல் இருந்ததும் உண்மை. ஆகவே அவரைக் குற்றமற்ற முனிவராகச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. அச்சட்டத்தை எழுதிய கை மாசுபட்டதென்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சட்டத்தால் எழுத்தறிந்த குழந்தை அறிந்தது எழுத்தேயன்றி வேறொன்றன்று. செய்தவனின் மாசு செய்தவனைச் சாரும். அறச்செயல் தன் தன்மையினால் நிற்கும். இதைப் பிரித்தறியாத சமுதாயம், தலைவர்களைத் தெய்வமாக்குவதும் பின்னர் மண்ணில் எறிவதுமாகிய இரண்டு பிழைகளை மாறிமாறிச் செய்துகொண்டே இருக்கும்.

காங்கிரஸுக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டும், தோற்கடிக்கப்பட்டும், முறையிட்டு வென்றும், 1887 வரையில் அவர் அங்கே இடையிட்டு இடையிட்டு அமர்ந்திருந்தார். இறுதி அடி 1895இல் விழுந்தது. கொலம்பியா நகரத்தில், பெஞ்சமின் டில்மன் தலைமை வகித்த கட்சியார், 1868ஆம் ஆண்டு அரசியலமைப்பைக் களைந்துவிட்டு வேறொன்று செய்யச் சபை கூட்டினர். அங்கத்தினர் 160 பேரில் கறுப்பர் ஆறு பேர். அவர்களில் ஐவர் பியூஃபர்ட்டிலிருந்து வந்தவர்கள். 1868இல் இருபத்தொன்பது வயதை எட்டாத இளைஞராகச் சபையில் அமர்ந்த ஸ்மால்ஸ், இப்போது ஐம்பத்தாறு வயதில், தாம் கட்டியது இடிக்கப்படும் இடத்திலேயே சாட்சியாக அமர்ந்தார். வாக்களிக்க விரும்புகிறவன் இரண்டு ஆண்டுகள் அம்மாகாணத்தில் குடியிருக்க வேண்டும். தலைவரி கட்ட வேண்டும். அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ, படிக்கக் கேட்டு அதிகாரிக்குத் திருப்தியாக விளக்கவோ வேண்டும். பின்னர் எழுத்தறிவோ 300 டாலர் மதிப்புள்ள சொத்தோ வேண்டும் என்று விதிகள் செய்யப்பட்டன. விதியில் நிறம் என்ற சொல் இல்லை. நோக்கம் முழுவதும் நிறமே. ஸ்மால்ஸ் எழுந்து, தம் இனத்திற்கு எந்தத் தனிச் சலுகையும் தேவையில்லை என்றும், வாழ்க்கைப் போராட்டத்தில் சம வாய்ப்பு ஒன்றே வேண்டுவது என்றும் எடுத்துரைத்தார். கலப்பு மணத்தைத் தடுக்கும் விதி வந்தபோது, அப்படியானால் கறுப்புப் பெண்ணோடு மணமின்றிக் கூடிவாழும் வெள்ளையன் எந்த அரசாங்கப் பதவியும் வகிக்கக்கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார், சபை திகைத்தது. முடிவில் புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தார். கையெழுத்திடாதவர்களுக்குப் பிரயாணச் செலவு கிடையாது என்று மிரட்டப்பட்டபோது, வீட்டிற்கு நடந்தே போவேன் என்று அவர் விடை சொன்னதாகக் கூறுவர். அதன்பின் பியூஃபர்ட் துறைமுகச் சுங்க அதிகாரியாகப் பல ஆண்டுகள் பணி செய்து, 1915 பிப்ரவரி 23ஆம் தேதி, அடிமையாகப் பிறந்த அதே மனையிடத்து மாளிகையில் காலமானார்.

இப்போது கேள்விக்குத் திரும்புவோம். அவர் செய்த சட்டத்தின் பலன் யாது?

பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்று கீதை உபதேசிக்கிறது. ஆகவே அழிந்தாலென்ன, நின்றாலென்ன என்பது ஒரு விடை. மகா வாக்கியங்களை நம் சோம்பலுக்குத் துணையாக அழைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இதுவும் அதில் சேர்ந்துவிடக் கூடாது. தனக்கு வரும் பலனைத் துறப்பது வைராக்கியம். பிறருக்கு வரவேண்டிய பலனைப் பற்றி அலட்சியமாக இருப்பது வைராக்கியம் அன்று, குரூரம். பள்ளி மூடப்பட்டால் தெருவில் நிற்பது சட்டம் செய்தவன் அல்லன், குழந்தை. அக்குழந்தையைப் பார்த்து, நான் பலனில் பற்றற்றவன் என்று ஒரு சட்டசபை அங்கத்தினர் சொல்வாரானால், அவர் கீதையைப் பாராயணம் செய்தவரேயன்றி அறிந்தவர் அல்லர். லோக சங்கிரகத்திற்காகச் செயல் செய் என்றும் அதே நூல்தான் கற்பிக்கிறது. உலகத்தைத் தாங்க விரும்புகிறவன் அது தாங்கப்பட்டதா என்று பார்க்காமல் இருக்க முடியாது. ஸ்மால்ஸ் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தவர். தமக்குரியதையும் அவர் கேட்காமல் விட்டதில்லை. பிளாண்டரைக் கொண்டுவந்ததற்காக முதலில் கிடைத்த 1,500 டாலர் அதன் உண்மையான மதிப்பிற்குக் குறைவென்று பல ஆண்டுகள் முறையிட்டு, 1900இல் மேலும் 5,000 டாலர் பெற்றார். இதில் இழிவு ஒன்றும் இல்லை. நியாயமான கூலியைக் கேட்பது லோபம் அன்று. ஆனால் தமக்காகக் கேட்டதற்கும் ஜனங்களுக்காக நின்றதற்கும் உள்ள வேறுபாடு 1895இல் தெரிந்தது. கையெழுத்திட்டுச் சமாதானம் செய்துகொண்டிருந்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

முற்பிறவி வினை என்பது இரண்டாவது விடை. ஒவ்வொரு துன்பத்திற்கும் ஒரு பழைய கணக்கு உண்டென்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். ஆனால் தன் துன்பத்திற்குத் தானே காரணம் தேடுகிறவன் வாயில் ஞானமாக இருக்கும் அச்சொல், பிறர் துன்பத்திற்குக் காரணம் சொல்கிறவன் வாயில் அநியாயத்திற்கு வக்காலத்தாக மாறிவிடுகிறது. அடிமை வாணிபம் செய்தவரும் தம் வேதத்திலிருந்து இதைப் போன்ற ஒரு காரணத்தை எடுத்துக் காட்டியவர்களே. நாம் அவர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை.

காலம் பின்னர் நியாயம் செய்துவிட்டது என்பது மூன்றாவது விடை. தென் கரோலினாவின் கிளாரண்டன் பகுதிப் பெற்றோர் தொடுத்த வழக்கும் சேர்ந்து, 1954இல், பள்ளிகளில் நிறத்தால் பிரிப்பது செல்லாது என்று தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இவை உண்மை; மகிழத்தக்கவை. ஆனால் 1895க்கும் 1965க்கும் இடையே எழுபது ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வாண்டுகளில் பிறந்து, வாக்குச் சீட்டைக் கையால் தொடாமலே இறந்தவர்களுக்கு, உங்கள் பேரனுக்குக் கிடைக்கும் என்று சொல்வது ஆறுதலாகலாம், நியாயமாகாது. பிந்தி வரும் நன்மை முந்தி நடந்த கொடுமையை நேராக்கிவிடும் என்று நம்புகிறவன், காலத்தைத் தெய்வமாக வணங்குகிறான். காலமோ கொடுமைக்கும் அதே அளவு இடம் கொடுப்பது.

இம்மூன்றும் போதாவென்றால், நான்காவது ஒன்றைப் பணிவோடு கூறுகிறேன். 1868க்கு முன்பு, கறுப்புக் குழந்தை கல்வி பெறாதது இயற்கை என்றும், அவன் ஆளப் பிறந்தவன் அல்லன் என்றும், தெய்வமே அப்படி வகுத்திருக்கிறது என்றும் அம்மாகாணத்து வெள்ளையன் தன் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொள்ள முடிந்தது. தேவாலயத்தில் மண்டியிட்டு உண்மையாகவே அதை நம்பவும் முடிந்தது. 1868க்குப் பின்பு அது முடியவில்லை. அடிமையாயிருந்தவர்கள் சபையில் அமர்ந்து நல்ல சட்டம் செய்ததையும், அச்சட்டத்தால் வெள்ளைக் குழந்தையும் பள்ளி சென்றதையும் அவன் கண்ணால் கண்டுவிட்டான். ஆகவே 1895இல் அவன் செய்த அநீதி, தந்தை செய்ததைப் போன்று வழக்கமாக வந்த அநீதி அன்று. நீதி இன்னதென்று அறிந்து, அதைப் பார்த்து, அதற்கு அஞ்சிச் செய்த அநீதி. அதனால்தான் அது வேஷம் போட வேண்டியதாயிற்று. நிறம் என்ற சொல்லை எழுத நாணி, சொத்து என்றும் எழுத்தறிவு என்றும் விளக்கம் என்றும் போர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று. பொதுப் பள்ளியை முற்றிலும் ஒழிக்கவும் அவர்களுக்குத் துணிவு வரவில்லை. நிறத்தால் பிரித்து, கறுப்பர் பள்ளியை வறுமையில் தள்ளினார்களேயன்றி, அரசாங்கம் குழந்தைக்குக் கல்வி தரவேண்டும் என்று அடிமையாயிருந்தவர்கள் ஏற்படுத்திய கடமையை அவர்கள் வாரிசாக ஏற்றுக்கொள்ளவே நேர்ந்தது.

அறச்செயல் ஒருமுறை உலகத்தில் உருவெடுத்துவிட்டால், அதை அழிக்கலாம்; அது நடந்ததே இல்லை என்று ஆக்க முடியாது. அது இருந்தபோது பலருக்கு நன்மை செய்தது. அழிந்தபின் அழித்தவனுடைய எதிரில் சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சியின் முன்னால் அநீதி தன் பழைய நிஷ்களங்கத்தை இழந்துவிடுகிறது. இனி அது தெரிந்தேதான் செய்யப்பட வேண்டும், மறைத்தேதான் செய்யப்பட வேண்டும். தெரிந்து மறைத்துச் செய்யப்படும் அநீதி, நம்பிக்கையோடு செய்யப்படும் அநீதியைப்போல் நிலைத்திருக்க முடியாது. அதன் உள்ளேயே அதன் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. இடையில் துன்புற்றவர்களின் துன்பத்தை இது ஈடுசெய்யாது. அப்படி ஈடுசெய்யும் என்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் செயல் வீண் என்ற முடிவுக்கு இது இடம் கொடுப்பதில்லை. 1895இல் கையெழுத்திட மறுத்தவர்களுடைய பேனாக்கள் அச்சபையின் தீர்மானத்தை ஒரு வரியும் மாற்றவில்லை. எனினும் அது ஒருமனதாக நிறைவேறியது என்று எவரும் எழுத முடியாமற் செய்துவிட்டன.

இதனால் சட்டசபையில் அமர்கிறவர்களுக்கும், அவர்களை அங்கே அனுப்புகிற நமக்கும் ஒரு கடமை தெளிவாகிறது. ஒரு சட்டம் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று கணக்கிட்டு அறத்தைச் செய்யத் தயங்குவது தகாது. நாளை வருகிறவன் ரத்து செய்துவிடுவான் என்பது இன்று நியாயத்தை ஒத்திவைக்கக் காரணம் ஆகாது. செய்வதை, தன் பகைவனின் குழந்தைக்கும் பொருந்தும்படி செய்ய வேண்டும். அழிக்கப்படும்போது கையெழுத்திடாமல் நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் சோர்வில்லாமல் காவல் இருக்க வேண்டும். கடலைக் கடந்த ஓர் இரவுக்காக உலகம் ராபர்ட் ஸ்மால்ஸைப் புகழ்கிறது. அதற்கு மேலாக, தாம் இளமையில் கற்க முடியாத எழுத்தை எல்லாக் குழந்தைக்கும் உரிமையாக்கிய சட்டத்திற்காகவும், அது சிதைக்கப்பட்ட நாளில் அதற்கு உடன்படாமல் நின்றதற்காகவுமே அவர் வணங்கத்தக்கவர்.